சிறுபாலத்தருகே நின்ற வெள்ளை வண்டி

ஒரு வெள்ளை பிக்கப் வண்டிக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்கள். மேஸ்திரியை நினைக்கும்போதெல்லாம் முதலில் எனக்கு வருவது அவைதான். முகம் கொஞ்சம் தாமதித்தே வரும். காக்கி பேன்ட்டின் விளிம்பில் உறைந்துபோன கிரீஸ், வார் அறுந்து கம்பியால் கட்டியிருந்த வலது கால் செருப்பு. அதுவரை வண்டிக்கு அடியிலிருந்து டொக் டொக்கென்று சின்ன ஸ்பேனரால் தட்டும் சத்தம் வந்துகொண்டிருந்தது. சட்டென்று அது நின்றது. கால்கள் இரண்டும் அசைவற்றுக் கிடந்தன. நான் குனிந்து, "என்ன மேஸ்திரி?" என்றேன்.  டார்ச் வெளிச்சம் மட்டும் ஒரே இடத்தில் நிலைகுத்தி நின்றது தெரிந்தது.

விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக ஓசூருக்கு வந்து அப்போது பதினைந்து வருடம் ஆகியிருந்தது எனக்கு. கார் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. வார்ப்பில் வந்த துண்டுகளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, மயிரிழை விரிசல் இருந்தால் சிவப்பு மையால் குறிபோட்டு ஒதுக்கிவைப்பேன். அந்தப் பிரிவையே மூடிவிட்டு எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். நாற்கரச் சாலை போட்டு முடித்திருந்த புதிது அது. ராயக்கோட்டையிலிருந்து பெங்களூருக்குத் தக்காளி ஏற்றிப்போகும் சின்ன வண்டிகளுக்கு அப்போது நல்ல கிராக்கி. மண்டிக்காரர் ஒருவர், வண்டி மட்டும் கொண்டுவந்தால் திங்கட்கிழமையே லோடு தருவதாகச் சொல்லியிருந்தார். வேலை போன நாலு மாதத்தில் என் மனைவி எதுவும் கேட்டதில்லை. காலையில் பழக்கதோஷத்தில் என் சாப்பாட்டு டப்பாவை எடுத்து அடுப்பு மேடையில் வைப்பாள், பிறகு திரும்ப அலமாரியில் கவிழ்த்து வைப்பாள். அதைப் பார்க்காமல் இருப்பதற்காகவே நான் ஒரு வண்டி வாங்க வேண்டியிருந்தது.

மேஸ்திரி பழக்கமானது என் பழைய ஸ்கூட்டர் மூலமாக. ஓசூர்க்காரர், வண்டி மெக்கானிக்; எல்லோருக்கும் மேஸ்திரி. வீட்டில் தெலுங்கு, பட்டறையில் தமிழ், லாரி டிரைவர்களிடம் கன்னடம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஆனாலும் என்னை சார் என்றுதான் கூப்பிடுவார். பழைய வண்டி பார்க்கக் கூட வர வேண்டும் என்றதும் ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்: நாங்கள் போய்ச் சேரும்வரை யாரும் வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது.

வண்டி நின்றது ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு தரகரின் காலிமனையில். தரகர் சிரித்த முகத்தோடு எங்களை வரவேற்று, "மீட்டரைப் பாருங்க சார், எண்பதாயிரம்தான் ஓடியிருக்கு. கோயிலுக்குப் போன வண்டி மாதிரி வெச்சிருந்தாங்க" என்றார். மேஸ்திரி புறங்கையை எஞ்சின் மூடிமேல் வைத்தார். சூடாக இருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார். "காலைலயே யாரோ இவருக்குக் கஷாயம் குடுத்து எழுப்பி வெச்சிருக்காங்க சார். ஆறட்டும். நாம டீ குடிச்சிட்டு வரலாம்." ஒரு மணி நேரம் எதிர்க் கடையில் உட்கார்ந்திருந்தோம். தரகர் இரண்டு முறை வந்து கூப்பிட்டார். மேஸ்திரி அசையவில்லை.

அவர் வண்டி பார்த்த விதத்தை இப்போதும் வரிசையாகச் சொல்ல முடியும் என்னால். முதலில் பெடல்களைப் பார்த்தார். பிரேக்குக்குப் புது ரப்பர் போட்டிருந்தார்கள். கிளட்ச் பெடலின் இரும்பு, கால் பட்டுப் பட்டு ஒரு பக்கம் சரிந்து தேய்ந்திருந்தது. "மீட்டர மாத்தினவன் இத மாத்த மறந்துட்டான். மூணு லட்சத்துக்குக் குறையாது சார்" என்றார் என் காதருகில். கதவு ரப்பரை விரலால் விலக்கி அடியில் இருக்கும் பெயின்ட்டைப் பார்த்தார். ஆயில் கம்பியை உருவி, சொட்டை இரு விரலுக்கிடையில் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோனார். பிறகு ஸ்டார்ட் செய்யச் சொல்லி, ஆயில் மூடியைத் திறந்துவிட்டு, அந்த ஓட்டையின்மேல் உள்ளங்கையை வைத்தார். புகை வருகிறதா என்று பார்க்கிறாராம். லேசாகத்தான் வந்தது. "எஞ்சின்ல ஒண்ணும் கொறையில்ல. நல்லாப் பாத்துகினிருக்காங்க" என்றார். எனக்கு அந்த ஒரு சொல்லிலேயே வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. மூன்று லட்சம் கிலோமீட்டரோ நான்கோ, எனக்கு வண்டி ஓடினால் போதும்.

முன்பக்க இடது டயர் மட்டும் உள்விளிம்பில் தேய்ந்திருந்ததைக் கடைசியாகத்தான் கவனித்தார். அதைச் சிறிது நேரம் தடவிப் பார்த்துவிட்டு ஒரு கோணிச்சாக்கை விரித்து அடியில் போனார். அப்போதுதான் தட்டும் சத்தம் நின்றது.

வெளியே வந்தவர் எழுந்திருக்கவில்லை. சாக்கின்மேலேயே உட்கார்ந்து டார்ச்சை அணைத்து, மறுபடி போட்டு, மறுபடி அணைத்தார். "ஒத்து சார்" என்றார். வேண்டாம் என்பதைத் தெலுங்கில் சொல்லியிருக்கிறார் என்று அவருக்கே தெரியவில்லை. "ஒத்து. இந்த வண்டி ஒத்து."

"எஞ்சின் நல்லாயிருக்குன்னு சொன்னீங்களே?"

"சேஸி, அதான் அடிச்சட்டம், அடிபட்டிருக்கு."

"அதைக் காட்டி விலையைக் குறைச்சுக் கேட்கலாமே. ஒட்டவெச்சா ஓடாதா?"

"ஒட்டவெச்சுத்தான் இருக்கு." இதைச் சொல்லும்போது அவர் குரல் மாறியிருந்தது.

நான் விடவில்லை. திங்கட்கிழமை என் கண்முன் நின்றது. ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று பிடிவாதம் பிடித்தேன். தரகர் சாவியை நீட்ட, மேஸ்திரி என்னை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார். நெடுஞ்சாலையில் வேகமெடுத்துக் காட்டுவார் என்று நினைத்தேன். அவரோ ஒரு கிலோமீட்டர் போனதும் தொழிற்பேட்டைக்குப் பிரியும் கிளைச்சாலையில் திருப்பினார். இருபுறமும் கம்பெனிச் சுவர்கள், இடையிடையே காலியாகக் கிடக்கும் ராகிக் கொல்லைகள். ஒரு சிறுபாலத்தருகே வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தார். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"இந்த வண்டி அப்ப நீலக் கலர் சார்" என்றார்.

பிறகு அவர் சொன்னதை அவர் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன். நான்கு வருடங்களுக்கு முன்பு, விடிந்து வெளிச்சம் பரவும் வேளையில், பட்டறைக் கதவை யாரோ தட்டியிருக்கிறார்கள். அவர் பட்டறையிலேயே படுத்திருந்த நாட்கள் அவை. வெளியே இந்த வண்டி. முன்பக்கம் இடதுபுறம் நசுங்கி, விளக்கு உடைந்து கிடந்தது. வண்டியின் சொந்தக்காரரும் டிரைவரும் நின்றிருந்தார்கள். மாட்டின்மேல் மோதிவிட்டது, ஏழு மணிக்குள் சரிசெய்து கொடு, கேட்டதைத் தருகிறேன் என்றார் சொந்தக்காரர். அவர் தள்ளிப் போய் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தபோது டிரைவர் மேஸ்திரியின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். பல் தந்தியடித்ததாம் அவனுக்கு.

"மாடில்ல மேஸ்திரின்னான். சைக்கிள்ல வந்த ஆளுன்னான். சிறுபாலத்துக்கிட்டன்னான். நான் திரும்பிப் பாத்தன் மேஸ்திரி, கை ஆட்டினான், உசிரு இருந்திச்சின்னான்."

 சாலையில் ஒரு ஷிப்ட் பஸ் எங்களைக் கடந்து போனது.

"நீங்க என்ன பண்ணீங்க?" என்றேன்.

"வெல்டிங் வெச்சன்."

சேஸியின் முன்முனை கிழிந்திருந்ததாம். ஒட்டுப்போட அந்த நேரத்தில் நல்ல தகடு இல்லை. பட்டறைக் கதவின் குறுக்கே அடித்திருந்த இரும்புப் பட்டையை வெட்டி எடுத்து வைத்திருக்கிறார். அதில் போல்ட் போட்டிருந்த நான்கு துளைகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. அதைத்தான் இன்று அடியில் படுத்தபடி பார்த்திருக்கிறார். "சைக்கிள எடுத்துகினு போயிருந்தாக்கூட பத்து நிமிசம் சார். போயிருக்கலாம். யாரையாவது அனுப்பியிருக்கலாம். வேல முடிச்சி அவங்கள அனுப்பிட்டுத்தான் டீக்கடைக்குப் போனன். அப்பதான் அங்க பேசிக்கினாங்க. இரும்பு வார்க்கற பவுண்டரில வேல செய்யற ஆளு, சூளகிரிப் பக்கம், மொத ஷிப்டுக்கு வந்துகினு இருந்தானாம், பஸ்காரங்க பாக்கறப்ப செத்துக் கெடந்தான்னாங்க. எத்தினி நேரம் உசிரோட கெடந்தானோ, எனக்குத் தெரியாது சார். நான் கண்ணாடி போட்டுகினு வெல்டிங் வெச்சுகினு இருந்தன்."

உண்மையைச் சொல்ல வேண்டும். இதைக் கேட்டதும் எனக்கு முதலில் அந்த மனிதர் நினைவுக்கு வரவில்லை. அப்படியானால் இந்த வண்டி எனக்குக் கிடைக்காதா என்றுதான் தோன்றியது. அடுத்ததாக, இதை ஏன் என்னிடம் சொன்னார் என்று கோபம் வந்தது. ஆயிரக்கணக்கான துண்டுகளில் விரிசல் தேடியவன் நான். ஒரு முறையாவது பார்த்தும் பார்க்காததுபோல ஒதுங்கிப் போகக்கூடாதா என்றுகூட நினைத்தேன். அந்த இருக்கையில் உட்கார்ந்து, அந்தக் கண்ணாடி வழியாக, அந்தச் சாலையைப் பார்த்துக்கொண்டு அப்படி நினைத்தேன்.

வண்டியைத் தரகரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு அன்று மாலைவரை இருவரும் பேசிக்கொண்டிருந்தோம். மோதிய வண்டி எதுவென்று தெரியாததால் வழக்கு அப்படியே கிடக்கிறது, இறந்தவரின் மனைவிக்கு இன்ஷூரன்சில் எதுவும் கேட்க வழியில்லை என்பது மேஸ்திரிக்கு எப்போதோ தெரிந்திருந்தது. ஒரு தடவை அந்த அம்மாவின் ஊர்வரை போய், பஸ்ஸை விட்டு இறங்காமலே திரும்பி வந்திருக்கிறார். வண்டி மறுபடியும் கண்ணில் படாமல் போயிருந்தால் அப்படியே இருந்திருப்பேன் என்று அவரே சொன்னார். நான்தான், "போய்ச் சொல்லிடலாம் மேஸ்திரி, நானும் கூட வர்றேன்" என்றேன். அதைச் சொன்னதில் எனக்கு அன்று ஒரு பெருமிதம்கூட இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சேஸி எண்ணையும் பழைய பதிவு விவரத்தையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனோம். இரண்டு அறை வீடு. அந்த அம்மாவுக்கு முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். ரோஜாப்பூ வளர்க்கும் கொட்டகை ஒன்றில் பூ வெட்டும் வேலை. விரல்களெல்லாம் முள் கீறிய தழும்புகள். எங்களை உட்காரச் சொல்லிவிட்டு அவர் நின்றுகொண்டார். மேஸ்திரி உட்காரவில்லை. வண்டி தன் பட்டறைக்கு வந்ததையும், மனிதன்மேல் மோதியது தெரிந்தே அதை ஒட்டிக் கொடுத்ததையும், நாளைக்கே ஸ்டேஷனில் வந்து எழுதிக் கொடுப்பதாகவும் நின்றபடியே சொன்னார். அந்த அம்மா அழவில்லை, ஏசவும் இல்லை. தாளை வாங்கி, படிக்காமல், இரண்டாக மடித்தார்.

"உடனே போயிட்டாரா அவரு?" என்று கேட்டார்.

மேஸ்திரி வாயைத் திறந்தார். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்தது.  முந்திக்கொண்டு நான் சொன்னேன்: "உடனேம்மா. அவருக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். பிறகு மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார். திரும்பி வரும் வழியெல்லாம் பேசாமல் வந்தவர், ஓசூர் பஸ் நிலையத்தில் இறங்கியதும், "நீங்க ஏன் சார் சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டார். அந்தம்மாவுக்காகத்தான் என்றேன். அவர் பட்டறைப் பக்கம் திரும்பி நடந்தார்.

மேஸ்திரி சொன்னபடி செய்தார். திங்கட்கிழமை காலை, எனக்கு லோடு ஏற்றியிருக்க வேண்டிய நேரத்தில், நாங்கள் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்றுகொண்டிருந்தோம். வண்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். தரகர் எங்கள் இருவரையும் நடுத்தெருவில் வைத்துத் திட்டினார். பழைய சொந்தக்காரர் முதலில் ஆள்விட்டு மிரட்டினார். அப்புறம் வக்கீல் வைத்தார். டிரைவரை எல்லைக்கு அப்பால் ஒரு செங்கல் சூளையில் கண்டுபிடித்தார்கள். போலீஸ் கேட்டதும் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டானாம். அதற்காகவே காத்திருந்தவன் மாதிரி இருந்தான் என்றார் மேஸ்திரி. தடயத்தை மறைத்ததற்காக மேஸ்திரியின் மேலும் வழக்குப் போட்டார்கள். வாய்தாவுக்கு அலைந்த நாட்களில் அவர் பட்டறைக்கு வண்டிகள் வருவது குறைந்தது. வாடிக்கையாளர்களைக் காட்டிக்கொடுப்பவன் என்று பேர் ஆகிவிட்டது. கடைசியில் பட்டறையை விட்டுவிட்டு இன்னொருவர் ஷெட்டில் கூலிக்கு வேலை பார்த்தார். அந்த அம்மாவுக்கு நஷ்டஈடு கிடைத்தது, பல வருடம் கழித்து. வெள்ளை வண்டி ஸ்டேஷன் பக்கத்துக் காலியிடத்தில் நின்றே மக்கியது. டயர்கள் போயின, கண்ணாடி போயிற்று, தரையிலிருந்து முளைத்த ஆமணக்கு எஞ்சின் இருந்த பள்ளத்தின் வழியாக வெளியே தலைநீட்டியது.

நான் வேறொரு வண்டி வாங்கினேன். அதையும் மேஸ்திரிதான் பார்த்துத் தந்தார். ராயக்கோட்டைத் தக்காளி எட்டு வருடம் எனக்குச் சோறு போட்டது. தொழிற்பேட்டையில் லோடு இறக்கப் போகும்போதெல்லாம் அந்தச் சிறுபாலத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். விடியும் நேரத்தில் போனால் எனக்கு ஒரு கை தெரியும். உருவமெல்லாம் இல்லை, முகம் இல்லை. சாலையோரப் புல்லுக்கு மேலே கொஞ்சம் உயர்ந்து, யாரையோ நிறுத்தச் சொல்வதுபோல் அசையும் ஒரு கை. நான் அந்த மனிதரைப் பார்த்ததே இல்லை. அந்தக் கையை டிரைவர் பார்த்தான். அவன் மேஸ்திரியிடம் சொன்னான். மேஸ்திரி என்னிடம் சொன்னார். என்னோடு அது நின்றுவிட்டது. போகவேண்டியவரிடம் போகவிடாமல் வாசலில் நின்று தடுத்தவன் நான்தான். இரக்கத்தினால் சொன்ன பொய் என்று என் மனைவியிடம் சொன்னேன், எனக்கும் சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த வீட்டில், அந்தக் கேள்வியின்போது, நான் அந்த அம்மாவை நினைக்கவேயில்லை. அவர் அழுவதைப் பார்க்க நேரக்கூடாதே என்று என்னைத்தான் நினைத்தேன். அதன் பிறகு அவர் ஊருக்குப் போகும் லோடு வந்தால் வேறு யாருக்காவது தள்ளிவிடுவேன். கோர்ட்டில் அவரைப் பார்த்தபோதும் தூரத்திலிருந்து கும்பிட்டுவிட்டு விலகிக்கொண்டேன்.

மேஸ்திரி போன ஐப்பசியில் இறந்துபோனார். மாரடைப்பு. தகவல் வந்து நான் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். காரியத்தன்று போனேன். பந்தலுக்கு அடியில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவே, வீட்டு மனுஷி போல, காபி தம்ளர்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தவரை அடையாளம் கண்டுகொள்ள எனக்குச் சற்று நேரமாயிற்று. அந்த அம்மா. முடி நரைத்திருந்தது. அவரோ என்னை உடனே கண்டுகொண்டார். தம்ளர்களை வைத்துவிட்டு வந்து எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நல்லாருக்கீங்களா சார்? வண்டி ஓட்றீங்களா இன்னும்?"

விட்டுவிட்டேன், மகன் பார்த்துக்கொள்கிறான் என்றேன். நீங்கள் இங்கே எப்படி என்று நான் கேட்பதற்குள் அவராகவே சொன்னார்.

"நீங்க ரெண்டு பேரும் வந்துட்டுப் போனீங்கல்ல, அடுத்த வாரமே மேஸ்திரி அண்ணன் தனியா வந்தாரு. அன்னிக்கி சார் சொன்னது நெசமில்லம்மா, உசிரு இருந்திச்சி, கை ஆட்டினாராம், நான் போயிருந்தா பொழச்சிருப்பாரோ என்னவோன்னு சொன்னாரு. வெளக்குமாத்த எடுத்துகினு அடிச்சன் சார். வாசல்ல நின்னு வாங்கிக்கினாரு. ரெண்டு வருசம் என் மூஞ்சில முழிக்காதன்னுட்டன். அப்பறம் எம்பொண்ணு வேலைக்குப் போக ஸ்கூட்டி வாங்கணும்னா, பழசு பாக்கத் தெரிஞ்ச ஆளு வேற யாரு இருக்காங்க எனக்கு? நான்தான் போயிக் கூப்பிட்டன்."

 இத்தனை வருடமும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. கோர்ட் வராந்தாவில் நான் கும்பிட்டபோதும் தெரிந்திருக்கிறது. மேஸ்திரி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"நீங்களும் ஒரு நாளு வருவீங்கன்னு பாத்தன் சார்" என்றார். குரலில் குத்தல் ஏதும் இல்லை. பஸ் தாமதமானதைச் சொல்வதுபோல் சொன்னார்.

உள்ளே யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். வருகிறேன் என்று கையைக் காட்டிவிட்டு, எழுந்திருக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தெரிந்த விஷயத்தை மறுபடி சொல்ல என்ன இருக்கிறது என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அவர் காத்திருந்தார்.

"உயிர் இருந்துச்சும்மா" என்றேன். "அன்னிக்கு நான் சொன்னது பொய். கையை ஆட்டினாராம்."

அவர் முதல் தடவை கேட்பவரைப் போல் கேட்டார். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அன்று அந்த வீட்டில் நான் பார்க்கப் பயந்த அழுகை, பதினைந்து வருடம் கழித்து, என் பக்கத்து நாற்காலியில் சத்தமில்லாமல் வந்தது. நான் எழுந்து போகவில்லை. அது முடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.